காவலூருக்குக் கண் கொடுத்த வைணு பாப்பு

ஒக்கலிபுரத்திலும் ஸ்ரீராமபுரத்திலும் குடியிருக்கும் தமிழர்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போவது பெரும்பாலும் ரெயிலில்தான். பங்காருப்பேட்டை, குப்பம் தாண்டி ஜோலார்பேட்டை வந்துவிட்டால் பாதி ஊர் வந்த மாதிரி. அங்கிருந்து வாணியம்பாடி, ஆம்பூர் என்று வண்டி ஓடும்போது வலது பக்கம் மலைகள் தெரியும். முதலில் ஏலகிரி. அதற்கு அப்பால் ஜவ்வாது மலை.

அந்த ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், 2.34 மீட்டர் குறுக்களவுள்ள ஒரு கண்ணாடி இரவு நேரத்தில் வானத்தைப் பார்க்கிறது. ஒரு ஆள் கையை நீட்டினால்கூட எட்டாத அகலம். அந்தக் கண்ணாடியைத் தேய்த்து, மெருகேற்றி, சோதித்தது வெளிநாட்டில் அல்ல. நம் பெங்களூர் கோரமங்கலாவில்.

அதைச் செய்ய வேண்டும் என்று முடிவு செய்தவர் ஒரு தனி மனிதர். செய்து முடித்ததைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. அவர்தான் விஞ்ஞானி வைணு பாப்பு.

நட்சத்திரங்களுக்கு நடுவே வளர்ந்த பிள்ளை

மணலி கல்லாட் வைணு பாப்பு 1927-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி சென்னையில் பிறந்தார். குடும்பம் வடகேரளத்தைச் சேர்ந்தது. தந்தைக்கு ஐதராபாத்தில் வேலை. அதுவும் சாதாரண வேலை அல்ல. அங்கிருந்த நிஜாமியா வான ஆராய்ச்சி நிலையத்தில் அவர் உதவியாளராக இருந்தார்.

மற்ற பிள்ளைகள் தெருவில் கோலி ஆடிய வயதில், பாப்பு டெலஸ்கோப்பு பக்கத்தில் நின்றார். வீட்டுக்கு ஒரே பிள்ளை. இரவில் தந்தை வேலைக்குப் போகும் இடமே பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஆயிற்று.

ஐதராபாத் நிஜாம் கல்லூரியில் படிக்கும்போதே, ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களைக் கவனித்துக் கட்டுரைகள் எழுதினார். விஞ்ஞானப் பத்திரிகைகளில் அவை வெளிவந்தன. கல்லூரி மாணவர் ஒருவர் அப்படி எழுதியது அந்தக் காலத்தில் பெரிய காரியம்.

பவுதிகத்தில் எம்.எஸ்சி. முடித்ததும், ஐதராபாத் அரசாங்கத்தின் உதவிச் சம்பளம் கிடைத்தது. 1949-ம் ஆண்டு அமெரிக்காவில் உள்ள ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 21.

வந்த சில மாதத்தில் வால் நட்சத்திரம்

ஹார்வர்டில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. 1949 ஜூலை 2-ந் தேதி இரவு எடுத்த ஒரு போட்டோத் தகட்டில், நட்சத்திரம் அல்லாத ஏதோ ஒன்று இருப்பதைப் பாப்பு கண்டார். மற்றவர் கண்ணுக்கு அது ஒரு கறைபோலத் தோன்றியிருக்கும். ஆயிரக்கணக்கான தகடுகளைப் பார்த்துப் பழகிய கண் அவருடையது.

அது ஒரு புதிய வால் நட்சத்திரம். பேராசிரியர் பார்ட் போக், சக மாணவர் கோர்டன் நியூகிர்க் ஆகியோரின் பெயர்களோடு சேர்த்து, அதற்கு பாப்பு-போக்-நியூகிர்க் என்று பெயர் வைக்கப்பட்டது. அது சூரியனைச் சுற்றி வர ஏறத்தாழ 60 ஆயிரம் ஆண்டு ஆகும் என்று கணக்கிட்டார்கள். பசிபிக் வானவியல் கழகம் பாப்புவுக்குப் பதக்கம் அளித்தது.

இந்தியப் பெயர் ஒன்று வால் நட்சத்திரத்துக்குச் சூட்டப்பட்டது என்ற செய்தி நாடெங்கும் பரவியது.

தூரத்தை அளக்க உதவிய கோடு

1952-ல் டாக்டர் பட்டம் பெற்றதும், கலிபோர்னியாவில் உள்ள புகழ்பெற்ற பாலோமார் மலைக்குப் போகும் வாய்ப்பு வந்தது. அன்று உலகிலேயே மிகப் பெரியதான 200 அங்குல டெலஸ்கோப்பு இருந்த இடம் அது.

அங்கே ஓலின் வில்சன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து பாப்பு ஒரு ஆராய்ச்சி செய்தார். நட்சத்திர ஒளியை வானவில்போலப் பிரித்தால், நடுவே மெல்லிய கோடுகள் தெரியும். அவற்றில் கால்சியத்தால் உண்டாகும் ஒரு கோட்டின் நடுவே சிறிய ஒளிப்பட்டை இருக்கும். அந்தப் பட்டையின் அகலத்துக்கும் நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசத்துக்கும் தொடர்பு இருப்பதை இருவரும் கண்டுபிடித்தார்கள்.

இதில் என்ன பெரிய லாபம்? தெருவில் எரியும் ஒரு பல்பு எத்தனை வாட் என்று தெரிந்துவிட்டால், அது கண்ணுக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதைக்கொண்டு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். நட்சத்திரத்துக்கும் அதே கணக்குதான். ஒரு கோட்டை அளந்து, நட்சத்திரத்தின் தூரத்தைச் சொல்லும் வழி கிடைத்தது. 1957-ல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பு, வில்சன்-பாப்பு விளைவு என்ற பெயரில் இன்றும் உலகமெங்கும் பாடமாக இருக்கிறது.

தாய்நாடு திரும்பினார்

அமெரிக்காவிலேயே இருந்திருந்தால் வசதியான வாழ்க்கை கிடைத்திருக்கும். பாப்பு 1953-ல் நாடு திரும்பினார்.

உத்தரப் பிரதேச அரசாங்கம் அப்போது காசியில் ஒரு வான ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கியது. அதன் பொறுப்பு பாப்புவிடம் வந்தது. கங்கைச் சமவெளியின் தூசியும் பனிமூட்டமும் நட்சத்திரம் பார்க்க ஏற்றவை அல்ல என்று கண்டு, நிலையம் 1955-ல் இமயமலை அடிவாரத்து நைனிடாலுக்கு மாற்றப்பட்டது. அங்கே மனோரா சிகரத்தைத் தேர்ந்தெடுத்ததில் பாப்புவுக்குப் பெரும் பங்கு உண்டு.

1960-ல் கொடைக்கானல் வான ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக நியமிக்கப்பட்டார். வெள்ளைக்காரர் காலத்தில், 1899-ல் நிறுவப்பட்ட அந்த நிலையம் சூரியனை ஆராய்வதில் உலகப் புகழ் பெற்றது. ஆனால் இரவு வானத்தை ஆராயக் கொடைக்கானல் ஏற்றதல்ல. மேகமும் மழையும் அதிகம்.

சந்தனக் காட்டில் ஒரு இடம்

தென்னிந்திய மலைகளைப் பாப்பு அலசினார். மேகம் குறைவாக இருக்க வேண்டும். நகர விளக்கு வெளிச்சம் எட்டக்கூடாது. காற்று அசையாமல் இருக்க வேண்டும். பூமத்திய ரேகைக்குப் பக்கமாக இருந்தால், வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியையும் பார்க்கலாம்.

கடைசியில் அவர் தேர்ந்தெடுத்த இடம் காவலூர். அன்றைய வடஆற்காடு மாவட்டம். இன்று திருப்பத்தூர் மாவட்டம். கடல் மட்டத்துக்கு மேல் 725 மீட்டர் உயரம். சுற்றிலும் சந்தன மரங்கள் வளர்ந்த காடு. மலைவாழ் மக்களின் சிறு கிராமங்கள்.

1968-ல் அங்கே முதல் டெலஸ்கோப்பு வேலை தொடங்கியது. 38 சென்டிமீட்டர் கண்ணாடி கொண்ட சின்னக் கருவிதான். ஆனால் அதைச் சொந்தப் பட்டறையிலேயே செய்தார்கள். கண்ணாடியைத் தேய்க்கவும் சோதிக்கவும் நம் ஆட்கள் கற்றுக்கொண்டது அந்த நாட்களில்தான்.

1972-ல் கிழக்கு ஜெர்மனியின் ஜெனா நகரில் உள்ள கார்ல் சைஸ் தொழிற்சாலையில் செய்த 1 மீட்டர் டெலஸ்கோப்பு காவலூருக்கு வந்தது. கேமரா வைத்திருந்த ஸ்டுடியோக்காரர்களுக்கு சைஸ் என்ற பெயர் பழக்கமானது. லென்சுக்குப் பேர்போன கம்பெனி.

அந்த ஆண்டு ஜூன் 7-ந் தேதி, வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. காவலூரிலும் இந்தோனேசியாவிலும் அதைக் கவனித்தார்கள். கானிமீடில் மிக மெல்லிய காற்று மண்டலம் இருப்பதற்கான அறிகுறி கிடைத்தது. 1977 மார்ச் 10-ந் தேதி யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரிந்தபோதும், அந்த நிகழ்ச்சியைப் பதிவு செய்த இடங்களில் காவலூர் ஒன்று.

பெங்களூரில் பட்டறை

1971-ல் கொடைக்கானல் நிலையம் வானிலை இலாகாவிலிருந்து பிரிந்து, இந்திய வான்பவுதிக ஆராய்ச்சி நிறுவனம் என்ற தன்னாட்சி அமைப்பாயிற்று. பாப்பு அதன் இயக்குநர். 1975-ல் தலைமையகம் பெங்களூருக்கு வந்தது. கோரமங்கலாவில் கட்டடம் எழுந்தது.

ஜெர்மன் டெலஸ்கோப்பு வந்து பெயர் வாங்கிக்கொடுத்தது. அத்தோடு பாப்பு நிற்கவில்லை. 2.34 மீட்டர் குறுக்களவுள்ள பெரிய டெலஸ்கோப்பை இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்றார். பணம் கொடுத்தால் வெளிநாட்டுக் கம்பெனி செய்து கொடுக்கும். ஆனால் பழுது வந்தால் மறுபடியும் அவர்களிடமே போக வேண்டும். அடுத்த டெலஸ்கோப்புக்கும் அவர்களிடமே போக வேண்டும். செய்யத் தெரிந்த கைகள் நாட்டில் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

சூடு, குளிருக்கு விரியாத விசேஷக் கண்ணாடிக் கட்டி மட்டும் ஜெர்மனியிலிருந்து வந்தது. இயந்திரப் பகுதிகளை மராட்டிய மாநிலம் வால்சந்த்நகர் தொழிற்சாலை செய்தது. டன் கணக்கில் எடையுள்ள அந்தக் கண்ணாடியைக் குழிவாகத் தேய்த்து மெருகேற்றும் வேலை பெங்களூர் ஒளியியல் கூடத்தில் ஆரம்பித்தது. ஏ. பி. ஜெயராஜன் போன்ற வல்லுநர்களும் இளம் தொழிலாளர்களும் அதில் ஈடுபட்டார்கள்.

இது மாதக் கணக்கில் முடியும் வேலை அல்ல. பல ஆண்டுகள் பிடித்தன. தேய்ப்பதைவிடக் கடினமானது, சரியாகத் தேய்த்திருக்கிறோமா என்று கண்டுபிடிப்பது. அந்தச் சிக்கலைப் புரிந்துகொள்ள ஒரு சாதாரண கேமரா போதும்.

கேமரா சொல்லும் பாடம்

50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொலைவில் உள்ள மலையைப் படம் பிடித்தால், பிம்பம் லென்சுக்குப் பின்னால் 50 மில்லிமீட்டரில் விழும். 1 மீட்டர் தூரத்தில் நிற்கும் குழந்தையைப் படம் பிடித்தால், பிம்பம் 52.6 மில்லிமீட்டரில் விழும். 10 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு தபால்தலையை வைத்தால் 100 மில்லிமீட்டர். அதனால்தான் போகஸ் வளையத்தைத் திருப்பும்போது லென்ஸ் முன்னும் பின்னும் நகர்கிறது.

போகஸ் சரியாகிவிட்டால் படமும் கூர்மையாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. ஒரு லென்சின் வளைவுகள் ஏதோ ஒரு தூரத்தை மனதில் வைத்துத்தான் கணக்கிடப்படுகின்றன. சாதாரண கேமரா லென்ஸ் பெரும்பாலும் தூரத்துக் காட்சிக்காகச் செய்தது. மிக அருகில் வைத்தால், லென்சின் நடுவே வரும் ஒளியும் ஓரத்தில் வரும் ஒளியும் ஒரே புள்ளியில் சேராது. எவ்வளவு கவனமாகப் போகஸ் செய்தாலும் ஒரு மெல்லிய மங்கல் இருக்கும். படத்தின் நடு கூர்மையாக இருந்தால் மூலைகள் கெடும்.

பத்திரிகை ஆபீஸ் பிளாக் எடுக்கும் பகுதியில் தனி லென்ஸ் வைத்திருந்ததும், ஸ்டுடியோ இருட்டறையில் படம் பெரிதாக்கும் கருவிக்குத் தனி லென்ஸ் வாங்கியதும் இதற்காகத்தான். அவை பக்கத்து தூரத்துக்கென்றே செய்தவை. அவற்றைக் கொண்டு மலையைப் படம் எடுத்தால், அங்கே அவை தோற்கும்.

இன்னொரு விஷயம். லென்ஸ் நல்லதா என்று பார்க்க, கோடு போட்ட அட்டையைச் சுவரில் ஒட்டிப் படம் எடுத்துப் பார்ப்பது வழக்கம். அறை சின்னது. அட்டை இரண்டு, மூன்று மீட்டரில்தான் இருக்கும். அந்தப் பரீட்சையில் கிடைக்கும் மார்க்கு, இரண்டு மூன்று மீட்டருக்கு உரிய மார்க்கு. அதே லென்ஸ் மைசூர் சாமுண்டி மலையை எப்படிக் காட்டும் என்பதற்கு அது முழுச் சாட்சி ஆகாது. இதனால் லென்ஸ் தொழிற்சாலைகளில் கோலிமேட்டர் என்ற கருவியை வைத்து, அறைக்குள்ளேயே எல்லையற்ற தூரத்திலிருந்து வருவது போன்ற ஒளியை உண்டாக்கிச் சோதிக்கிறார்கள்.

எந்தத் தூரத்தில் வேலையோ அந்தத் தூரத்தில் சோதிக்க வேண்டும். பாடம் இதுதான்.

அறையில் ஒன்று, வானத்தில் ஒன்று

டெலஸ்கோப்புக் கண்ணாடிக்கு இந்தச் சங்கடம் பல மடங்கு பெரியது. நட்சத்திரம் எல்லையற்ற தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வரும் கதிர்கள் ஒன்றுக்கொன்று இணையானவை. அவற்றை ஒரே புள்ளியில் சேர்க்க, கண்ணாடியின் குழிவு பரவளைய வடிவில் இருக்க வேண்டும். காவலூர் கண்ணாடியின் குவிய தூரம் சுமார் 7.6 மீட்டர். நட்சத்திரத்தின் பிம்பம் அங்கே விழும்.

ஆனால் பட்டறையின் கூரைக்குக் கீழே நட்சத்திரம் ஏது? பிரான்ஸ் விஞ்ஞானி பூக்கோ 19-ம் நூற்றாண்டில் ஒரு எளிய வழி சொன்னார். குவிய தூரத்தைப் போல் இரு மடங்கு தூரத்தில், ஊசித்துளை அளவு விளக்கு ஒன்றை வைக்க வேண்டும். காவலூர் கண்ணாடிக்கு அந்தத் தூரம் சுமார் 15 மீட்டர். ஒளி கண்ணாடியில் பட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். அங்கே ஒரு கத்தி முனையை மெல்ல நுழைத்தால், கண்ணாடியின் மேடு பள்ளங்கள் நிழலாகத் தெரியும்.

இங்கேதான் வினை. 15 மீட்டர் தூரத்து விளக்குக்குச் சரியான வடிவம், பந்தின் உட்புறம் போன்ற கோள வடிவம். நட்சத்திரத்துக்குச் சரியான வடிவம் பரவளையம். பட்டறையில் அப்பழுக்கில்லாமல் தெரியும் கண்ணாடி வானத்தில் தோற்றுவிடும். வானத்தில் வெற்றி பெற வேண்டிய கண்ணாடி பட்டறையில் குறையுள்ளதுபோலத் தெரியும்.

இரண்டு வடிவங்களுக்கும் வித்தியாசம் எவ்வளவு? நடுவில் இரண்டையும் ஒன்றாகப் பொருத்தினால், ஓரத்தில் சுமார் 67 மைக்ரான். ஒரு தலைமயிரின் பருமன். பெங்களூர் தொழிற்சாலைகளில் கடைசல் வேலை பார்ப்பவர்களுக்கு மைக்ரான் கணக்கு தெரியும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் டெலஸ்கோப்புக் கண்ணாடிக்கு அந்த ஒரு மைக்ரானே பெரிய தவறு. ஒளி அலையின் நீளம் அரை மைக்ரான்தான். கண்ணாடியின் பிழை அதிலும் சிறு பங்குக்குள் அடங்க வேண்டும்.

ஆகவே தேய்ப்பவர்கள் கண்ணை மட்டும் நம்ப முடியாது. பரவளையம் 15 மீட்டரில் எவ்வளவு குறையோடு தெரிய வேண்டும் என்று முதலிலேயே கணக்கிட வேண்டும். அந்தக் குறை அதே அளவில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அல்லது அந்தக் குறையைச் சமன் செய்யும் துணை லென்சுகளை நடுவில் வைத்துச் சோதிக்க வேண்டும். அப்போது அந்தத் துணை லென்சுகள் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று யார் பார்ப்பது? அதற்கும் ஒரு சோதனை வேண்டும்.

ஒரு நாள் மெருகேற்றினால், பல நாள் அளக்க வேண்டும். மெருகேற்றிய சூடு ஆறும் வரை காத்திருக்க வேண்டும். கூடுதலாகத் தேய்த்துவிட்டால், போனதைத் திரும்ப ஒட்ட முடியாது.

40 கிலோமீட்டரில் நாலணா

காவலூர் டெலஸ்கோப்பின் திறமையைச் சொல்ல, 40 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள 25 பைசா நாணயத்தைக்கூட அது காட்டும் என்று சொல்வதுண்டு. 2011-ல் செல்லாமல் போன அதே நாலணாதான். கண்ணாடியின் அகலத்தை வைத்துப் போட்ட கணக்கு அது. காற்று அலைவதால் நடைமுறையில் அவ்வளவு கூர்மை கிட்டாது.

ஆனால் அந்த உவமையிலும் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. நட்சத்திரத்துக்குப் போகஸ் செய்த நிலையிலேயே அந்த நாணயத்தைப் பார்த்தால் அது மங்கலாகத்தான் தெரியும். 40 கிலோமீட்டர் என்பது நமக்குப் பெரிய தூரம். அந்தக் கண்ணாடிக்கு அது பக்கத்து வீடு. நாணயத்தின் பிம்பம் நட்சத்திரப் பிம்பத்துக்கு சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி விழும். அந்த ஒன்றரை மில்லிமீட்டர் ஒரு புள்ளியை அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த வட்டமாக அகட்டிவிடும்.

நிலாவோ நட்சத்திரமோ என்றால் போகசை மாற்றவே தேவையில்லை. 3 லட்சத்து 84 ஆயிரம் கிலோமீட்டரில் உள்ள நிலாவுக்கும் நட்சத்திரத்துக்கும் வித்தியாசம் ஒரு மைக்ரான்கூட இல்லை.

புகழும் முடிவும்

பாப்புவைத் தேடிப் பெருமைகள் வந்தன. 1970-ல் பட்நாகர் பரிசு. 1981-ல் பத்மபூஷண். 1979-ல் சர்வதேச வானவியல் சங்கத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தப் பதவியை அடைந்த முதல் இந்தியர் அவர்தான்.

1980 பிப்ரவரி 16-ந் தேதி கர்நாடகம் வழியாக முழு சூரிய கிரகணம் கடந்தபோது, அவருடைய நிறுவனம் ஆராய்ச்சிக் குழுக்களை அனுப்பியது. உருதுக் கவிதையிலும் ஓவியத்திலும் தோட்டக் கலையிலும் அவருக்கு ஆசை உண்டு. காவலூர் வளாகத்தின் மரம் செடிகளிலும் அவர் அக்கறை காட்டினார்.

இதற்கிடையே கோரமங்கலாவில் கண்ணாடி வேலை நடந்துகொண்டிருந்தது. காவலூரில் பெரிய டெலஸ்கோப்புக்கான கட்டட வேலையும் நடந்தது.

1982 ஆகஸ்டில் கிரேக்க நாட்டின் பட்ராஸ் நகரில் சர்வதேச வானவியல் சங்கத்தின் மாநாடு. தலைவர் என்ற முறையில் பாப்பு அதை நடத்தியிருக்க வேண்டும். ஆனால் ஜெர்மனியின் மியூனிக் நகரில் அவருக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்தது. அதிலிருந்து அவர் மீளவில்லை. ஆகஸ்டு 19-ந் தேதி காலமானார். 55 வயது நிறைந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

உலக வான விஞ்ஞானிகள் பட்ராசில் கூடியிருந்தபோது அவர்களுடைய தலைவரின் மரணச் செய்தி வந்தது. கோரமங்கலாவில் கண்ணாடி முடியவில்லை.

குவிமாடம் திறந்தது

வேலை நிற்கவில்லை. டாக்டர் ஜே. சி. பட்டாச்சார்யா தலைமை ஏற்றார். பாப்பு பழக்கிய ஆட்களே வேலையைத் தொடர்ந்தார்கள். தேய்த்தார்கள், அளந்தார்கள், மறுபடி தேய்த்தார்கள். கண்ணாடி பெங்களூரிலிருந்து காவலூர் மலைக்குப் போயிற்று.

1985 நவம்பரில் டெலஸ்கோப்பு முதல் தடவையாக வானத்தைப் பார்த்தது. நட்சத்திரங்கள் புள்ளியாக விழுந்தன. பட்டறையில் போட்ட கணக்கு மலை மேல் பலித்தது.

1986 ஜனவரி 6-ந் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். டெலஸ்கோப்புக்கும் காவலூர் நிலையத்துக்கும் வைணு பாப்புவின் பெயரே சூட்டப்பட்டது.

இந்த வெற்றி எவ்வளவு பெரியது என்பது நாலு ஆண்டு கழித்து உலகத்துக்குத் தெரிந்தது. 1990 ஏப்ரலில் அமெரிக்கா ஹப்பிள் டெலஸ்கோப்பை விண்வெளிக்கு அனுப்பியது. அதன் கண்ணாடியின் குறுக்களவு 2.4 மீட்டர். காவலூர் கண்ணாடியைவிடச் சற்றுத்தான் பெரியது. செலவோ கோடிக்கணக்கான டாலர்.

மேலே போன ஹப்பிள் மங்கலாகப் படம் காட்டியது. விசாரித்ததில் காரணம் தெரிந்தது. பட்டறையில் சோதிக்கும்போது நடுவில் வைத்த துணைக் கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி இருந்திருக்கிறது. தவறான அளவுகோலை நம்பி, கண்ணாடியை மிக மிக அழகாகத் தவறான வடிவத்துக்குத் தேய்த்துவிட்டார்கள். ஓரத்தில் பிழை சுமார் 2 மைக்ரான். வேறு எளிய சோதனைகள் அந்தப் பிழையை அப்போதே காட்டின. அவற்றைப் பொருட்படுத்தவில்லை. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் மேலே போய், கண்ணாடிக்குக் கண்ணாடி மாட்டிச் சரிசெய்தார்கள்.

இன்றும் தெரியும் மலை

2016-ல் நைனிடால் அருகே தேவஸ்தலில் 3.6 மீட்டர் டெலஸ்கோப்பு வரும் வரை, இந்தியாவிலேயே பெரிய டெலஸ்கோப்பாகக் காவலூர் டெலஸ்கோப்பு இருந்தது. அந்த நைனிடாலும் பாப்பு இளமையில் உழைத்த இடம்தான்.

காவலூரில் 1988-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு சிறு கோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயர் வைக்கப்பட்டது. வேறொரு சிறு கோள் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கிச் சூரியனைச் சுற்றுகிறது.

பெங்களூரில் லேத்திலும் மேசையிலும் உட்கார்ந்து வேலை பார்க்கும் நம்மவர்களுக்குப் பாப்புவின் வாழ்க்கையில் ஒரு செய்தி உண்டு. அவர் விட்டுப்போனது ஒரு டெலஸ்கோப்பு மட்டும் அல்ல. தான் இல்லாதபோதும் ஒரு மைக்ரான் பிசகாமல் வேலையை முடிக்கக்கூடிய கைகளை அவர் உண்டாக்கிவிட்டுப் போனார்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, வாணியம்பாடி அருகே ரெயில் ஜன்னலில் வலது பக்கம் பாருங்கள். ஏலகிரிக்குப் பின்னால் இருட்டில் கிடக்கும் மலையில், பெங்களூர்க் கைகள் தேய்த்த கண்ணாடி அந்த நேரம் ஏதோ ஒரு நட்சத்திரத்தின் மேல் போகஸ் ஆகியிருக்கும்.